ஓசையிடாத பம்பி

கண்ணாடித் தொட்டியிலே மீன்கள் சிறிதும் சத்தமின்றி நீந்துகின்றன. அவற்றின் பொருட்டு இயங்கும் யந்திரமோ வீட்டாரை நித்திரை கொள்ள விடுவதில்லை. இது குறித்து நாம் பட்டறிந்ததை முதலிற் கூறிவிடுகிறோம்.

200 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றை மண்டபத்தில் வைத்திருந்தோம். அதன் அடியிலுள்ள அலுமாரிக்குள் ‘சம்ப்’ எனப்படும் கீழ்த்தொட்டி. மேலிருந்து வழியும் நீர் குழாய் வழியே அதனுள் இறங்கித் தூய்மை பெறும். பம்பி அதனை மீண்டும் மேலேற்றும். “பெரிதாக எடுத்தால் நல்லது” என்றார் கடைக்காரர். மணிக்கு 4,000 லீற்றர் இறைக்கும் பம்பியொன்றை வாங்கி வந்தோம். அன்றிரவே அலுமாரி முழுவதும் வண்டுபோல் ரீங்காரமிடலாயிற்று. அடுத்த அறையில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, இதைக் கொஞ்சம் நிற்பாட்டுங்கோ” என்றாள். நிறுத்தினோம். இரவுதோறும் நிறுத்தினோம். ஒரு வாரத்துக்குள் மூன்று பொன்மீன்கள் இறந்து மிதந்தன.

மீனின் கழிவிலுள்ள அமோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் கீழ்த்தொட்டியின் வடிகட்டிகளிலே வாழ்கின்றன. ஒட்சிசன் கலந்த நீர் இரவும் பகலும் ஓடினால்தான் அவை தொழில் செய்யும். ஆகவே, சத்தத்துக்கு அஞ்சி நிறுத்தப்படும் பம்பி எத்துணை வலியதாயினும் பயனற்றதே.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. நீரைச் சிறிதும் உயர்த்தாதபோது பம்பி இறைக்கும் அளவே அது. கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் விளிம்புவரை 1.2 மீற்றர் இருந்தால், 2 மீற்றர்வரை மட்டுமே ஏற்றவல்ல பம்பி அந்த எண்ணிற் பாதியைத் தருவதும் அரிது. குழாயின் ஒவ்வொரு வளைவும் மேலும் சிறிது குறைக்கும். உயரத்துக்கேற்ற அளவைக் காட்டும் வரைபடம் பெட்டியிலோ கைந்நூலிலோ இருக்கும், அதையே பாருங்கள். தொட்டி நீர் மணிக்கு நான்கு முறை சுற்றிவந்தால், அதாவது எமது தொட்டிக்கு 800 லீற்றர், நன்னீர் மீனுக்குப் போதும். பத்து முறை வேண்டுமென்பாரும் உளர். அது வடிகுழாயின் இரைச்சலைப் பெருக்குவதற்கே உதவும் என்பது எமது கருத்து.

நமது வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையும் ஆடலோட்டம். அதில் நேரே இயங்கும் பம்பியின் காந்தச் சுழலி அந்த அலைவைப் பின்பற்றியே சுழல்வதால், மெல்லிய ரீங்காரம் அதன் பிறவிக் குணம். நேரோட்டத்தில் இயங்கும் பம்பிக்கு விலை கூட. ஆயினும் வேகத்தை வேண்டியவாறு குறைக்கலாம், மின்சாரமும் மிச்சமாகும். 40 வாற்றுப் பம்பி மாதத்துக்கு ஏறக்குறைய 29 அலகு உண்ணும். 20 வாற்றுக்கு அதிற் பாதி. நாம் இரண்டாவதாக வாங்கியது இவ்வகையே. அதை மாட்டிய இரவு, ஓடுகிறதா இல்லையா என்று மகள் எழுந்துவந்து பார்த்துப் போனாள்.

ஆனால் எல்லாக் குற்றமும் பம்பியினுடையதன்று. அதிர்வு கண்ணாடிக்கும் பலகைக்கும் தாவும்போதே பேரோசையாகிறது. பம்பியின் கீழ்க் கடற்பஞ்சு போன்ற மெத்தையை வையுங்கள். கடினக் குழாயை நேரே பொருத்தாது, இடையிலே மென்மையான சிலிக்கன் குழாயை இணையுங்கள். நீர்மட்டம் தாழ்ந்து காற்றை உறிஞ்சினாலும் பம்பி கரகரக்கும். நீரோட்டத்தைக் குறைக்க அடைப்பானை வெளிவாயில் மட்டுமே இடுக. உறிஞ்சும் வாயை நெரித்தலாகாது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரிலே சுண்ணாம்பு மிகுதி. அது சுழலியிற் படிந்தால் அமைதியான பம்பியும் முனகத் தொடங்கும். கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துலக்கினால் முனகல் அடங்கும்.

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி குழாய்வழியே திரும்பி இறங்கும். அதனை ஏற்கக் கீழ்த்தொட்டியில் இடம் உண்டா என்று, பம்பி பூட்டிய அன்றே ஆளியை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பணம் கொடுக்குமுன், ஒரு வாளி நீரில் அமிழ்த்தி ஓட்டிக் காட்டும்படி கடைக்காரரைக் கேளுங்கள். நீரின்றி ஓட்டிக் காட்டுவாரானால் அந்தப் பம்பி வேண்டாம். முதற் சில நிமிடம் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும் ஓசை கேட்கும். அது அடங்கும்வரை நின்று, பிறகு காது கொடுங்கள்.