பின்கதவு வழியே வந்தவர்கள்

ஞாயிறு திருப்பலியில் முதல் வரிசை. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் விழிப்பதில்லை. இந்த மாதிரி விசுவாசம் நமக்குப் பழகியதுதான். பாப்பானில் வேறு மாதிரி ஒன்று இருந்தது.

ஜப்பான்காரன் காலம். ஈப்போவிலிருந்து அங்கே போன சிபில் கார்த்திகேசு, 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் நடத்தினார். காட்டிலிருந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இரகசியமாகச் சிகிச்சைக்கு வருவார்கள். கடவுளே இல்லை என்ற கட்சிக்காரர்களின் புண்ணுக்கு, ஜெபமாலை உருட்டும் கத்தோலிக்கப் பெண் கட்டுப்போட்டார்! மதம் கேட்டா மருந்து கொடுப்பது?

1943இல் பிடிபட்டார். சின்ன மகளைத் தீக்கு மேலே தொங்கவிட்டு மிரட்டினார்கள். அப்போதும் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தச் சித்திரவதைக் காயங்களே 1948இல் அவர் உயிரைக் குடித்தன.

ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு சாலைக்கு அவர் பெயர். அவ்வழியே போனால், அது யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.