பீரோ மாதிரி ஒரு கம்ப்யூட்டர்

நாத்து விடுறதைப் பத்தி எழுதுறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப வேற ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்குப் பட்டணத்துல இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் வந்திருந்தார். எங்க அக்கா பையன் அசெம்பிள் பண்ணி வெச்சிருக்கிற கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "இது கம்ப்யூட்டரா, பீரோவா? ஊரே லேப்டாப்பைப் பையில போட்டுக்கிட்டு சுத்துது, வள்ளூர்ல உக்காந்துக்கிட்டு இவனுக்கு எதுக்கு இத்தாம் பெரிய பொட்டி?"ன்னு சிரிச்சார். கூட இருந்தவங்களும் சிரிச்சாங்க. பட்டணத்துக்காரங்க நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். கிராமத்துப் பையன் பெரிய கம்ப்யூட்டர் வெச்சிருந்தா ஒண்ணு கேம் ஆடுறான், இல்ல பந்தா பண்றான். என் கருத்து நேர் எதிர். எங்க ஊர் மாதிரி இடத்துக்குப் பெரிய பொட்டிதான் ஏத்தது. லேப்டாப்தான் இங்க பந்தா.

அவன் செய்யுற வேலை என்னன்னு முதல்ல சொல்லிடறேன். சென்னையில வீடு கட்டித் தர்றவங்க, கட்டுறதுக்கு முன்னாடியே வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி வீடியோ காட்டுறாங்க இல்ல, அதைச் செஞ்சு குடுக்கிறான். ஒரு நிமிஷ வீடியோன்னா செகண்டுக்கு 30 படம் கணக்குல 1,800 படம். ஒரு படத்தை வெயில், நிழல், கண்ணாடியில தெரியுற பிம்பம்னு கணக்குப் போட்டு வரைய மிஷினுக்கு ஒரு நிமிஷம்னு வெச்சாலும் 30 மணி நேரம் ஆகும். ராத்திரி பகலா ஓடணும். மெல்லிசு லேப்டாப்பை அப்படி ஓட்டினா சூடு தாங்காம அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். சின்ன ஆயில் இன்ஜினை நிறுத்தாம ஓட்டினவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல.

பெரிய பொட்டிக்கு முதல் காரணமே சூடுதான். 2022ல வந்த ஆர்டிஎக்ஸ் 4090னு ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. அது மட்டுமே 450 வாட் இழுக்கும். நீளம் ஒரு அடி, எடை ரெண்டு கிலோவுக்கு மேல. இவன்கிட்ட இருக்கிறது அதைவிடச் சின்னதுதான், ஆனா குணம் அதே. உள்ள போற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வரணும். அக்கினி நட்சத்திரத்துல ரூம்ல 38 டிகிரி இருந்தா, எந்த விசிறி போட்டாலும் அதுக்குக் கீழ இறக்க முடியாது. ஆனா பெரிய விசிறி நாலு மெதுவா சுத்தி நிறைய காத்தைத் தள்ளலாம். அந்த விசிறிங்களுக்கும், காத்து தாராளமா போய் வரவும் இடம் வேணும். இடத்துக்காகத்தான் பொட்டி.

எங்க ஊர்க் காத்தைப் பத்தியும் சொல்லணும். கிழக்கால எண்ணூர்க் கடல், அதனால உப்பு. ரோட்டுல துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க, அதனால புழுதி. அதோட நிலக்கரித் தூளும் சாம்பலும் உண்டு. மொட்டை மாடியில வேட்டி காயப்போட்டு எடுத்தா உதறித்தான் கட்டணும். இந்தக் காத்தை அப்படியே உள்ள இழுத்தா கம்ப்யூட்டர் என்னத்துக்கு ஆகும்? தூசி மேல ஈர உப்புக் காத்து பட்டா பித்தளை, செம்பு எல்லாம் பச்சை பூக்கும். எங்க மோட்டார் ஸ்டார்ட்டர் பொட்டியில வருஷா வருஷம் பாக்குறதுதான்.

அதுக்கு அவன் செஞ்ச வேலைதான் எனக்குப் பிடிச்சது. முன்பக்கக் கண்ணாடியைக் கழட்டிட்டு, லேத் பட்டறையில இரும்புத் தகடு வெட்டி, கதவு மாதிரி கீல் வெச்சு மாட்டினான். அதுக்குள்ள ஏசிக்குப் போடுற ஃபில்டர் துணி ரெண்டு மடிப்பு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழட்டி, தட்டி, கழுவிக் காய வெச்சு மாட்டுறான். அப்புறம் ஒரு சூட்சுமம். உள்ள காத்து தள்ளுற விசிறி அதிகம், வெளிய இழுக்கிறது கம்மி. அப்பதான் பொட்டிக்குள்ள காத்தழுத்தம் கொஞ்சம் கூடுதலா இருக்கும். சந்து பொந்துல காத்து வெளிய வருமே தவிர தூசி உள்ள போகாது. இதெல்லாம் லேப்டாப்ல செய்ய முடியுமா? அதுல திருகாணி எங்க இருக்குன்னு தேடுறதுக்கே ஒருநாள் ஆகும்.

கலர் கலரா லைட் எரியுற விசிறி மட்டும் எனக்கு ஆகாது. தேர்த் திருவிழா சீரியல் செட் மாதிரி இருக்கு. "விசிறியோட சேர்ந்தே வருது மாமா"ங்கிறான். ஆஃப் பண்ணி வெச்சிருக்கான், போகட்டும்.

ரெண்டாவது காரணம் ரிப்பேர். 1995ல இன்டெல் கம்பெனி ஏடிஎக்ஸ்னு ஒரு அளவு கொண்டு வந்தது. மதர்போர்டுல திருகாணி ஓட்டை எங்க இருக்கணும், எஸ்எம்பிஎஸ் எங்க உக்காரணும்னு அப்ப போட்ட அளவுதான் இன்னிக்கும் பெரும்பாலும் நடக்குது. அதனால எஸ்எம்பிஎஸ் போயிட்டா, அத்திப்பட்டுல ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கி, ரிச்சி தெருவுல எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் சாயங்காலமே மாட்டிடலாம். இப்ப வர்ற மெல்லிசு லேப்டாப் நிறையதுல ரேமையே பலகையோட சேர்த்துப் பத்த வெச்சுடுறாங்க. அது போச்சுன்னா பலகையே போச்சு. டிராக்டர்லயும் இதே கதைதான். பழைய வண்டியை ஊர் மெக்கானிக்கே இறக்கி ஏத்துவார். சென்சார் வெச்ச வண்டின்னா கம்பெனி ஆள் லேப்டாப் எடுத்துக்கிட்டு வரணும். நாத்து முத்திப் போகும், ஆள் வர மாட்டார்.

சாதாரண சாமானைக் கோத்துப் பெரிய வேலை செய்யுறது நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்ல. அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர் தர மாட்டேன்னு இழுத்தடிச்சதுக்கு அப்புறம்தான் புனே சி-டாக்ல சின்னச் சின்ன செயலிகளைச் சேர்த்து 1991ல பரம் 8000 செஞ்சாங்க. நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல 2004ல 'கப்ரு'ன்னு ஒண்ணு கட்டினாங்க. இமயமலைச் சிகரம் ஒண்ணோட பேரு அது. ரெண்டு ரெண்டு ஜியான் செயலி போட்ட 144 கம்ப்யூட்டரைக் கோத்தது. அணுவுக்குள்ள இருக்கிற துகளைப் பத்தின கணக்குக்காக. அதுக்கும் இவன் பொட்டிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், தெரியும். ஆனா புத்தி ஒண்ணுதான்.

கரண்டுக்கு வர்றேன். "இந்தப் பொட்டி எவ்வளவு கரண்ட் குடிக்கும்!"னு எல்லாரும் வாயைப் பொளக்கிறாங்க. வேலை உச்சத்துல இருக்கும்போது 700 வாட். ஒரு ஹெச்பி மோட்டார்ங்கிறது 746 வாட். என் கிணத்து மோட்டார் 5 ஹெச்பி. இப்ப சொல்லுங்க, எது பெருசு? தினம் 8 மணி நேரம் முழு வேகத்துல ஓடினாலும் 5.6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 336 யூனிட். வீட்டுச் செலவோட சேர்ந்து 500ஐத் தாண்டினா கட்டண வரிசையே மாறிடும். அதனால மீட்டரைப் பாத்துப் பாத்துத்தான் ஓட்டுறான். "பம்புசெட் லைன்ல இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கோயேன், இலவசம்தானே"ன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. மின் கட்டணத்துக்காக 1970கள்ல விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல உயிரை விட்டிருக்காங்க. அந்தப் போராட்டத்தோட தொடர்ச்சியா வந்ததுதான் இந்த இலவச மின்சாரம். பயிருக்குன்னு குடுத்ததை வேறெதுக்கும் தொடக் கூடாது.

வள்ளூர் அனல்மின் நிலையத்துல மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 500 மெகாவாட். மொத்தம் 1,500. இவன் பொட்டி மாதிரி இருபது லட்சம் பொட்டி ஓட்டலாம். ஆனா எங்க தெருவுல சாயங்காலம் டியூப் லைட் எரியுறதுக்கு யோசிக்கும். விளக்குக்குக் கீழ இருட்டுங்கிறது சும்மா இல்ல. அதனால அவன் கார்டுல செலவைக் குறைச்சு யுபிஎஸ்லயும் எர்த்லயும் போட்டான். கரியும் உப்பும் போட்டுத் தனியா எர்த் குழி, கோடையில வாரா வாரம் ஒரு குடம் தண்ணி. அடிப்படையில அவன் விவசாயி வீட்டுப் பையன்.

பெரிய பொட்டிக்கு ஒரு குறை உண்டு, மறைக்கல. தூக்கிக்கிட்டு ஓட முடியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் சேர்ந்து வந்ததை நீங்க டிவியில பாத்திருப்பீங்க. அதை மனசுல வெச்சு மூணடி உயரத்துக்குக் கடப்பா கல்லுல மேடை போட்டு அதுமேல வெச்சிருக்கான். வேலை இருக்கிற டிரைவ் ரெண்டும் முன்னாடி இழுப்பறை மாதிரி. உருவிச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம். பொட்டி போனா போகுது.

அளவுக்கு மீறின ஆசையாச்சேன்னு கேப்பீங்க. ஊத்து கம்மியா இருக்கிற கிணத்துல 10 ஹெச்பி மோட்டார் இறக்கினா அரை மணியில சேறு இழுக்கும். அது மாதிரி, வேலை வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கார்டு, நாலு கார்டுன்னு கடன் வாங்கிப் போட்டிருந்தான்னா நானே திட்டியிருப்பேன். இவன் வாங்கினது காலி இடம். ஒரு கார்டுதான் இருக்கு. வேலை கூடினா ரெண்டாவது மாட்டலாம், கூடலைன்னா அந்த இடத்துல காத்து போகட்டும். களத்தைப் பெருசாப் போட்டு வெச்சா விளையுறப்ப விளையட்டும்.

எங்க பக்கத்துப் பசங்களுக்கு இன்னிக்கு என்ன வழி இருக்கு? கம்பெனி வாசல்ல கான்ட்ராக்ட் வேலை, இல்லேன்னா லாரி, அதுவும் இல்லேன்னா நிலத்தை வித்துட்டு ஓஎம்ஆர் பக்கம் வாடகை வீடு. இவன் வீட்டுல உக்காந்து சம்பாதிக்கிறான். மிஷின் ராத்திரி முழுக்க வரையுது, இவன் விடிகாலையில வரப்பு வெட்ட வர்றான். நிலம் விக்கிற பேச்சு எங்க அக்கா வீட்டுல இப்போதைக்கு இல்ல. "கிராமத்துல இருந்துதானே பண்றீங்க, ரேட்டைக் குறைச்சுக்கோங்க"ன்னு கேக்குற கட்டடக்காரங்க இருக்காங்க. உங்கள்ல யாராவது அந்தத் தொழில்ல இருந்தா, தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. ரிச்சி தெருவுல வள்ளூர்க்காரனுக்குன்னு கார்டைக் குறைச்சுத் தர்றதில்ல.

இப்ப சூடான காத்தை ரூம்லயே விடாம, தகரக் குழாய் வெச்சு ஜன்னல் வழியா வெளிய அனுப்பப் போறானாம். தகர வேலைக்காரர் வந்து அளவு எடுத்துட்டுப் போயிருக்கார். குருவி கூடு கட்டாம இருக்க முனையில வலை போடச் சொல்லியிருக்கேன்.