பிரேக் பிடிக்காத பழமைப்பற்று

பழைய வண்டிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. தாத்தா காலத்து வண்டி ஒன்று மாமரத்தடியில் நிற்கும். அதன் முகப்பு விளக்குகளைக் கண்களுக்கு ஒப்பிடாமல் கட்டுரையாளரால் இரண்டாம் பத்திக்குள் நுழைய முடியாது. பெட்ரோல் வாசனை வரும். அதன் பின்னாலேயே பால்யம் வரும். இறுதியில் ஊர் மெக்கானிக் ஒருவர் கம்பியையும் சணலையும் வைத்து வண்டியை ஓட வைப்பார். 'படிக்காத மேதை' என்று அவருக்கொரு பட்டம் சூட்டிக் கட்டுரை நிறைவுறும். இவ்வகைக் கட்டுரைகளை நானும் எழுதியவன் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அக்கட்டுரைகளில் வண்டி எப்படியாவது ஓடிவிடும். அது நிற்க வேண்டிய கட்டம் மட்டும் வருவதே இல்லை.

பழைய பொருளின் மீதான நமது பற்று அதன் தோற்றத்தோடு முடிந்துவிடுகிறது. அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவின் மீது நமக்கு அக்கறை இல்லை. அந்த அக்கறையின்மைக்கு நாம் சூட்டிக்கொண்ட அழகிய பெயர்தான் 'படிக்காத மேதை'. இதுவே என் வாதம். இதை நிறுவுவதற்கு ஒரு பிக்-அப் வண்டியின் பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரம் பலாவுக்கும் பூவுக்கும் பெயர்போனது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பழைய டாட்ஜ் பிக்-அப் ஒன்று இருக்கிறது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பார்கோ வண்டிகளைத் தயாரித்து வந்த காலத்தின் மிச்சம் அது. அத்தயாரிப்பு நின்று பல பதிற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வண்டி நிற்கவில்லை. தோப்புக்கும் வீட்டுக்கும் இடையே பலாப்பழம் சுமக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்த வட்டாரத்தின் மரங்களைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை இழுத்ததும் அதுதான்.

ஒரு நாள் பழச்சுமையோடு கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகையில் பிரேக் பெடல் பலகை வரை போய்விட்டது. அந்தக் கால டாட்ஜில் கை பிரேக் தனி. கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள தண்டைப் பிடித்து நிறுத்துவது. அதையும் கியரையும் வைத்து ஓட்டியவர் வண்டியை வேலியில் சாய்த்து நிறுத்தினார். யாருக்கும் காயமில்லை. பத்தடி தள்ளிப் பள்ளிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

காரணம் என்ன? ஓட்டுநரின் காலடிப் பலகைக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. பெடலை மிதித்தால் அதிலுள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. அங்கே வீல் சிலிண்டர்கள் விரிந்து பிரேக் ஷூவை டிரம்மின் மீது அழுத்துகின்றன. இந்த ஏற்பாட்டுக்கு மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர் 1917-இல் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் பயன்படுத்திய அடைப்புகள் பதப்படுத்தாத தோலால் ஆனவை, அவை கசிந்தன. கிரைஸ்லர் நிறுவனத்தின் பொறியாளர்கள் அவற்றுக்குப் பதிலாக ரப்பர் கப்புகளை வைத்து 1924-இல் தங்கள் காரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1928-இல் டாட்ஜை வாங்கியது அதே கிரைஸ்லர்தான். ஆக, அந்த பிக்-அப்பின் பாதுகாப்பு முழுவதும் விரற்கடை அகலமுள்ள சில ரப்பர் கிண்ணங்களைச் சார்ந்திருக்கிறது. அதிலும், பிற்காலத்து வண்டிகளைப்போல முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று என இரட்டைப் பாதை கிடையாது. எங்கே ஒரு துளி கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும்.

கசியவிட்டது யார் என்று தேடினால், கையில் எஞ்சின் ஆயில் டப்பாவுடன் நம் 'படிக்காத மேதை' ஒருவர் நிற்கிறார். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார். தொடக்க காலப் பிரேக் ஆயிலில் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் இருந்தன. 'அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய்தான் ஊற்றினோம்' என்ற பழைய பேச்சு, எந்த எண்ணெயும் எண்ணெய்தான் என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பும், நெகிழும், பிறகு கிழியும். இன்றுள்ள கிளைகால் வகைப் பிரேக் ஆயிலுக்கோ வேறொரு குணம்: காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும், சிலிண்டரின் உட்சுவர் துருப்பிடிக்கும். இவற்றையெல்லாம் அவருக்கு யார் தமிழில் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. சொல்லவேண்டிய நாம், அவர் எப்படியாவது ஓட்டிவிடுவார் என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம்.

வண்டியைப் புதுக்கோட்டையில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். இடப்பக்கச் சக்கரத்தின் போல்ட்டை மறுபக்கம் திருப்பிக் கழற்றினார். அந்தக் காலத்து டாட்ஜில் இடப்பக்கத்து மரைகள் இடம்புரி. தெரியாதவர் பலங்கொண்ட மட்டும் திருகினால் போல்ட் முறியும். பின் டிரம் கூம்பு வடிவ அச்சில் இறுகியிருக்கும்; அதைக் கழற்றத் தனிப் புல்லர் வேண்டும். சுத்தியலால் அடித்தால் டிரம் கோணும், பேரிங் கெடும். அவர் அந்தப் புல்லரைப் பழைய சாக்குக்குள்ளிருந்து எடுத்ததைப் பார்த்தபோது, இவருக்குப் பின் இதை யார் எடுப்பார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

பிறகு தொடங்கியது உதிரிபாக வேட்டை. திருச்சியில் கேட்டோம். சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுதும் நடந்தோம். ஒரு கடைக்காரர், 'இதுதான் சார், அப்படியே உட்கார்ந்துவிடும்' என்று கப் ஒன்றைத் தந்தார். அளந்து பார்த்தால் 25 மில்லிமீட்டர். சிலிண்டரோ ஓர் அங்குலம், அதாவது 25.4. புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் நான் கேட்டேன்: "அண்ணே, அரை மில்லிமீட்டர்கூட இல்லையே, போட்டுப் பார்க்கலாமா?" அவர் கப்பை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தார். "கைக்கு வித்தியாசம் தெரியாது தம்பி. ஆயிலுக்குத் தெரியும்."

இறுதியில், ஓர் அங்குலச் சிலிண்டர் கொண்ட பழைய ஜீப்புகளுக்கான கிட் ஒன்றைத் தேடிப் பிடித்தவரும் அவரே. துருவரித்த சிலிண்டரை லேத்தில் கடைந்து, உள்ளே பித்தளைக் குழல் இறக்கி, பழைய அளவுக்கே மீண்டும் கடைந்தெடுத்தார்கள். ஷூவுக்குப் புது லைனிங் ரிவெட் அடித்து, டிரம்மின் வளைவோடு பொருந்தும்வரை தேய்த்தார்கள். விரிசல் விட்டிருந்த செப்புக் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு எஃகுக் குழாய் போட்டார்கள். நான்கு மாதம் ஆயிற்று. இதற்குப் பெயர் பழுதுபார்த்தல். முன்பு நடந்தது ஒப்பேற்றல். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் புகழ்கிறவர், முதலாமவரின் வாழ்நாள் அறிவையும் இரண்டாமவரின் அலட்சியத்தையும் ஒரே தட்டில் வைக்கிறார். இது புகழ்ச்சியே ஆனாலும் அவமதிப்புதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது. டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதியோ காற்றுக் குழாயால் அடித்தோ வெளியேற்றுவது நம் பட்டறைகளின் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால், நோய் தலைகாட்டுவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள் என்ற ஒற்றை வரியைத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்ட நமக்கு நேரமில்லை. மேதையின் கறைபடிந்த விரல்களை வருணிக்க மட்டும் பக்கம் பக்கமாக நேரம் இருக்கிறது.

இதில் நம் மண்ணுக்கென்றே ஒரு முரண் உண்டு. 1910களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த நாளிலேயே, தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். மாட்டு லாடங்களிலிருந்தும் குதிரை லாடங்களிலிருந்தும் உதிர்ந்த ஆணிகள் டயர்களைக் குத்தாமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி அவற்றைப் பொறுக்கினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரது குழுமத்தின் வழியில்தான் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவையும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் வந்தன. இன்று உலகச் சந்தைக்குப் பிரேக் பாகங்கள் அனுப்பும் மாநிலம் தமிழகம். பேருந்து ஓட்டுவதென்பது வண்டி வாங்குவதோடு முடிவதில்லை, ஆணி பொறுக்குவதும் அதில் அடக்கம் என்று அறிந்திருந்த ஒரு மரபு நமக்கு இருந்தது. அதே சாலையில் இன்று ஓர் அங்குல ரப்பர் கப்புக்கு நான்கு மாதம் அலைகிறோம். இது எந்தத் தொழிற்சாலையின் குற்றமும் இல்லை. நூற்றுக்கணக்கில் விற்காத பாகத்தை யாரும் வார்க்க மாட்டார்கள். ஆனால் எந்த வண்டிக்கு எந்த அளவு, எது எதற்குப் பொருந்தும் என்ற பட்டியலுக்கு ஆலை தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அமெரிக்காவில் அக்காலத்து டாட்ஜ் கையேடுகள் இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. இங்கே அது ஒரு முதியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது.

சட்டமும் நம்மைப் போலவே யோசிக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் தொன்மை வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்கும் ஓட்டலாம். எரிபொருள் நிரப்பவும் பழுதுபார்க்கவும் கொண்டுபோகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. வேலை செய்வதை நிறுத்தினால்தான் வண்டிக்கு மரியாதை என்பதே இதன் பொருள். மறுபக்கம், 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த லாரி, பேருந்துகளின் தகுதிச் சான்றுக் கட்டணத்தை 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயர்த்தினார்கள். கட்டணம் பிரேக் பிடிக்காது. பத்து ஆண்டு வண்டியின் பிரேக்கும் பழுதாகலாம், அறுபது ஆண்டு வண்டியின் பிரேக்கும் ஒழுங்காக இருக்கலாம். சக்கரத்தை உருளையில் ஏற்றிப் பிரேக்கின் விசையை அளக்கும் கருவி இருக்கையில், நாட்காட்டியைப் பார்த்து ஏன் தீர்ப்பெழுத வேண்டும்?

'ஆபத்தான வண்டியைச் சாலையில் விடச் சொல்கிறீர்களா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மாட்டேன். பிரேக்கைச் செம்மையாகச் சீர்செய்ய முடியாத வண்டி, எத்தனை அழகானதாயினும் சாலைக்கு வரக்கூடாது. 2,000 கிலோ எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, நல்ல பிரேக் இருந்தாலுமே மிதித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 28 மீட்டர் தாண்டித்தான் நிற்கும். கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி ஆனால் அதற்குள் மேலும் 17 மீட்டர். இந்தக் கணக்கில் நம் ஏக்கங்களுக்கு இடமில்லை. நான் கேட்பதெல்லாம், வண்டியைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். சீர்செய்யும் அறிவை எழுதி வையுங்கள் என்பதே.

எழுதி வைப்பது யார் வேலை? நம் வேலை. 1954 முதல் 1968 வரை பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழில் பத்துத் தொகுதிகள் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. எந்தத் துறையையும் தமிழில் எழுத முடியும், எழுத வேண்டும் என்று நம்பிய தலைமுறை அது. அவர்களுக்குப் பின்வந்த நாம், பட்டறையின் வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டுத் திரும்புகிறோம். உங்கள் ஊரிலும் அறுபது, எழுபது வயதில் ஒரு மெக்கானிக் இருப்பார். அவரைப் பற்றிக் கட்டுரை எழுதாதீர்கள். அவர் பக்கத்தில் அமர்ந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தச் சிலிண்டர் எத்தனை அங்குலம், எந்த மரை எந்தப் புரி, எந்த ஆயில் எதைக் கெடுக்கும். அது இலக்கியமாகாது என்பீர்கள். ஆகாமலே போகட்டும்.

டாட்ஜ் இப்போது பெடலின் பாதி மிதியிலேயே நிற்கிறது. வண்டியை ஒப்படைத்தபோது அந்தப் பெரியவரிடம், "அண்ணே, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "எழுதிக்கங்க தம்பி. எனக்கு எழுத வராதுன்னு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல" என்றார்.