கிணற்றுப் படியிலிருந்து போட்டிக் குளத்துக்கு

நீச்சல் நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் புதிய கலை அன்று. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கடலைக்கொல்லை உள்ள இடமெல்லாம் பாசனக் கிணறும் உண்டு. மழை பெய்து கிணறு நிறைந்த நாட்களில், இடுப்பில் சுரைக்குடுக்கையோ காற்றடைத்த டியூபோ கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய மாணவியர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் துணிவுக்கும் குறைவில்லை, மூச்சுக்கும் குறைவில்லை. ஆயினும், போட்டி என்று வரும்போது நகரத்துக் குளங்களில் பழகியவர்களே முந்திவிடுகிறார்கள். காரணம் என்ன? முறையான பயிற்சியும், அதில் தொடர்ச்சியும் இல்லாமையே என்பது நம் கருத்து. முறையை மாணவியர் கற்றுக்கொள்ளலாம். தொடர்ச்சியைக் காத்துத் தர வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்.

முதலில் முறையைப் பார்ப்போம். கிணற்றில் நீந்துபவள் கரையைப் பார்த்துக்கொண்டே நீந்துவதால் தலையை நிமிர்த்தியே வைத்திருப்பாள். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். தாழ்ந்த உடலைத் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும். வேகம் இரு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே, வெறும் கைவலிமையால் தண்ணீரை வெல்ல முயல்வது வீண் வேலை. முகம் தண்ணீரில் இருக்க வேண்டும். பார்வை குளத்தின் தரையை நோக்க வேண்டும். மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். இதைக் கிணற்றுப் படியைப் பிடித்துக்கொண்டே பழகலாம். காலடிப்பதையும் அவ்வாறே பழகலாம். ஆனால் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் எவரும் தண்ணீரில் இறங்கலாகாது. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு, 'எவ்வளவு நேரம் மூழ்கி இருக்கிறேன் பார்!' என்று பந்தயம் கட்டும் விளையாட்டு உயிருக்கே உலை வைக்கும். உடல் எச்சரிக்குமுன்பே நினைவு தப்பிவிடும்.

அடுத்தது அளவான பயிற்சி. குளத்தில் இறங்கியதும் ஒரே மூச்சில் விரைந்து நீந்திக் களைத்துக் கரையேறுவது பயிற்சி ஆகாது. முதல் பத்து நிமிடம் மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்க வேண்டும். பின்னர்க் கை, கால், மூச்சு ஆகியவற்றைத் தனித்தனியே திருத்த வேண்டும். அதன் பிறகே வேகம். 50 மீட்டர் தூரத்தை, இடையிடையே சிறு ஓய்வு கொடுத்து, எட்டு முறை நீந்துவதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை 45 வினாடி, கடைசி முறை 60 வினாடி என்றால், தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிச் செலவழித்துவிட்டோம் என்று பொருள். எட்டு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பவளே 100 மீட்டர் பந்தயத்தின் கடைசிப் பகுதியில் தளராமல் நிற்பாள். இந்த நேரங்களை ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வரவேண்டும். நேற்றைய நம்மை இன்று வெல்லுகிறோமா என்பதை அந்த நோட்டு பொய்யில்லாமல் சொல்லும். தோளில் வலி கண்டால் மறைக்காமல் பயிற்சியாளரிடம் கூற வேண்டும்.

சுவரைத் தொடுவதும் திரும்புவதும் நீச்சலின் பாதி வெற்றி. மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கை முந்தினால் தகுதி நீக்கமே. மல்லாந்து நீந்துவோருக்காகச் சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் குளத்தின் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி வைத்துக்கொண்டவள் தலையை இடித்துக்கொள்ள மாட்டாள். பயிற்சியில் சோம்பலாகத் திரும்புபவள் போட்டியிலும் அப்படியே திரும்புவாள். உடல் பழகியதைத்தான் செய்யும்.

இத்தகைய சிறு நுணுக்கங்களுக்கு இத்தனை மதிப்பா என்று கேட்கலாம். நம் ஊருக்கு வெகுதொலைவில் இல்லாத நெய்வேலியில் வளர்ந்தவர் சஜன் பிரகாஷ். அவருடைய தாயார் ஷான்டிமோள் ஒரு தடகள வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர். கழுத்தெலும்பு வட்டு பாதிக்கப்பட்டு நெடுநாள் அல்லலுற்ற சஜன், மீண்டும் பொறுமையாகப் பயிற்சி செய்து, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதி பெற வேண்டிய நேரம் 1 நிமிடம் 56.48 வினாடி. வினாடியில் பத்தில் ஒரு பங்குதான் இடைவெளி! அந்தத் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிட்டியது. ஒரு திருப்பத்தில் காட்டும் சோம்பல் இதைவிட அதிக நேரத்தை விழுங்கிவிடும் அன்றோ?

இனிப் போட்டி நாள். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்குச் செல்லும் மாணவியர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: போட்டிக்கென்று புதிதாக எதையும் செய்யலாகாது. தேர்வுக்கு முந்திய இரவு முழுப் பாடத்தையும் படிப்பது போல, கடைசி வாரத்தில் உடலை வருத்துவது கேடு. பயிற்சித் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, சிறிது வேகத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு, நன்றாக உறங்க வேண்டும். போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லியோ வாழைப்பழமோ போதும். பூரியும் வடையும் வெற்றிக்குப் பிறகு ஆகட்டும்! வெறும் வயிற்றோடும் செல்லலாகாது. முன்னதாகவே போய்க் குளத்தைப் பார்த்து, அதில் சிறிது நீந்தி, பிறகு உடலைத் துவட்டிப் போர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். புறப்படும் ஒலி எழுமுன் பாய்ந்தால் இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. ஆகவே பக்கத்துத் தடத்தில் நிற்பவளைப் பார்ப்பதைவிடக் காதைத் தீட்டிக்கொள்வதே அறிவுடைமை.

இவ்வளவும் மாணவியருக்கு. பெற்றோருக்கும் நாம் கூற வேண்டியது ஒன்று உண்டு. பத்து வயதுவரை மீன்குஞ்சு போல் நீந்திய பெண் பிள்ளை, பெரியவளானதும் தண்ணீரை விட்டு விலக்கப்படுகிறாள். ஐந்தாறு ஆண்டுகள் சேர்த்த திறமை ஒரே நாளில் மூட்டை கட்டி வைக்கப்படுகிறது. உடல் வளர்ந்து பயிற்சியின் பலன் கனியும் பருவம் அதுவே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக 200 மீட்டர் நீந்திய பெங்களூரு மாணவி தினிதி தேசிங்குவுக்கு அப்போது வயது 14. எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்திய வங்காளச் சிறுமி ஆரத்தி சாகாவுக்கு வயது 11! அவரே 1959இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆனார். அந்த ஆண்டு ஆகஸ்டில் செய்த முதல் முயற்சி கைகூடவில்லை. சோர்ந்து வீட்டுக்குத் திரும்பாமல் செப்டம்பரில் மீண்டும் இறங்கி வென்றார். அவர்களைப் பெற்றவர்கள் இடையில் நிறுத்தியிருந்தால் இந்த வரலாறு ஏது?

பெற்றோரின் கவலைகளை நாம் ஏளனம் செய்யவில்லை. உடையைப் பற்றிக் கவலையா? தோள் முதல் முழங்கால் வரை மூடும் நீச்சல் உடை போட்டி விதிகளுக்கு உட்பட்டதே. மாத நாட்களைப் பற்றிக் கவலையா? அந்த நாட்களில் ஓய்வு தேவைப்பட்டால் ஓய்வு கொடுங்கள். அதற்காக ஆண்டு முழுவதும் நிறுத்த வேண்டியதில்லை. வெயிலில் கறுத்துவிடுவாள் என்றால் விடியற்காலைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். தனியே போக வேண்டுமே என்றால், தாயோ அக்காளோ உடற்கல்வி ஆசிரியையோ துணை செல்லட்டும். குளத்தில் பெண் பயிற்சியாளர் உண்டா என்று கேட்டறியுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை. பாடத்தைப் பற்றிய அச்சமும் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழப் பழகியவள் புத்தகத்தின் முன்னும் நேரத்தோடு அமர்வாள்.

நம் பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. விடுமுறையில் நான்கு மாணவியரை ஓர் ஆசிரியை துணையோடு குளம் உள்ள ஊருக்குப் பேருந்தில் அனுப்ப முடியுமானால், அது ஒரு நல்ல தொடக்கமாகும். பதக்கம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒருபுறம் இருக்கட்டும். முறையாக நீந்தத் தெரிந்த பெண், நாளை தன் பிள்ளைகளுக்கும் கற்றுத் தருவாள். ஏரியும் கிணறும் உள்ள நாட்டில் அது ஓர் உயிர்க்காப்பு.

அன்பு மாணவியரே! நாள்தோறும் சிறிது சிறிதாக, முறையோடு பழகுங்கள். அன்புப் பெற்றோரே! அவர்கள் கரையேற விரும்பும் நாள்வரை தண்ணீரில் இருக்க விடுங்கள். கைவீச்சு அவர்களுடையது, குறுக்கே நிற்காமல் வழிவிடுவது நம்முடைய கடமை.