எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு பதில் வேண்டும்

மதிப்பிற்குரிய நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



கொல்லிமலையில் சோளக்காட்டிலும் அதை ஒட்டிய சிற்றூர்களிலும் குடியிருக்கும் நாங்கள் சங்கமாகக் கூடிப் பேசி எழுதும் மடல் இது. மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போகாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. மனு எழுத எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலை, குடிநீர், பேருந்து, பட்டா, சாதிச் சான்று என்று எழுதிய மனுக்களின் நகல்களை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே பல. பெரும்பாலானவற்றுக்கு வந்த கடைசிச் செய்தி, 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்பதுதான். அந்தத் துறை அதைப் படித்ததா, ஏற்றதா, தள்ளியதா என்பது மனு கொடுத்தவருக்குத் தெரியாது.

எனவே இந்த மடலில் பெரிய திட்டம் எதையும் கேட்கப் போவதில்லை. நாங்கள் கேட்பது பதில். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன். அது எழுத்தில் வேண்டும். எங்கள் ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

ஊரிலேயே என்று சொல்வதற்கு இந்த மலையின் அமைப்புதான் காரணம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வந்து சேரும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் வளைவுப் பலகையின் எண்ணோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள் அனுபவம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கிளம்புகிற எங்களுக்கு, இறங்க எழுபது, ஏற எழுபது. உள்ளே இருக்கும் சிற்றூர்க்காரர் முதலில் பேருந்து நிற்கும் இடம்வரை நடந்தாக வேண்டும். நாமக்கல் போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, மேசைமீது தாளை வைத்துவிட்டு வர ஒரு நாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தனி. மனு என்ன ஆயிற்று என்று விசாரிக்க இன்னொரு நாள் போகிறது. சமவெளியில் இருப்பவருக்கு இது அலைச்சல். எங்கள் ஊர்களில் பலர் இதை நினைத்தே வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு சிற்றூரிலிருந்து மனு வரவில்லை என்பதை வைத்து அங்கே குறை இல்லை என்று கோப்பு முடிவுசெய்துவிடக் கூடாது.

கேட்பதற்கு ஊரிலேயே ஆள் இருந்த காலமும் உண்டு. கொல்லிமலை 14 நாடுகளாகப் பிரிந்த மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று இன்றைய ஊராட்சிகளின் பெயரிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. வழக்கு என்றால் ஊர்க்கவுண்டர், அவருக்கு மேல் பட்டக்காரர் என்று உட்கார்ந்து பேசித் தீர்த்தவர்கள் எங்கள் முன்னோர். பிறகு ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் வந்தார்கள். தண்ணீர் வரவில்லை என்றால் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க முடிந்தது. 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்டதால், குடம் தூக்குகிறவர்களே குழாயைப் பற்றிப் பேசும் இடத்துக்கு வந்தார்கள்.

அவர்களுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றே அடுத்த தலைவர்கள் பொறுப்பேற்கவில்லை. ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போனது. இது முதல் முறையும் இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு அடுத்த தலைவர்கள் வர 2020 ஜனவரி ஆகிவிட்டது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. தேர்தல் நடத்துவது உங்கள் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு ஒரு தலைவர் கேட்டு வந்ததை ஓர் அலுவலர் தம் மற்ற வேலைகளோடு சேர்த்துக் கேட்க வேண்டிய நிலையில், அவர் காதுக்கு எட்டாமல் போகும் சொல் எவ்வளவு என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். எங்களைப் போன்ற சங்கங்கள் பேச வேண்டிவந்தது அந்த இடைவெளியில்தான்.

இதை அமைச்சருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறோம்? 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர் நீங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவின் தலைவரும் நீங்கள். வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சி, வனம், மருத்துவம் என்று நான்கு பக்கமும் அனுப்பப்படும் எங்கள் கோரிக்கைகள் ஒன்றாகச் சேரக்கூடிய மேசை மாவட்டத்தில் உங்களுடையது ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. மேட்டில் எங்கள் பட்டா நிலம், சரிவில் காப்புக்காடு. ஒரு சிற்றூருக்குப் போகும் வழி நடுவே கொஞ்ச தூரம் காட்டுக்குள் நுழைந்து வெளியேறும். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் தார்ச்சாலையும் குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் நின்றுவிடுகின்றன. வனத்துறையைக் கேட்டால் ஊராட்சி ஒன்றியத்தைக் கேட்கச் சொல்வார்கள். ஒன்றியத்தைக் கேட்டால் வனத்துறை அனுமதி வரவில்லை என்பார்கள். இதற்கு நாடாளுமன்றம் ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். வன அலுவலர் உடன்படவில்லை என்றால் அந்தக் கோப்பு மாவட்ட அளவிலான குழுவுக்கு, அதாவது உங்களிடம், வர வேண்டும்.

ஆக, ஒரு சாலைக்கு 'இல்லை' என்று சொல்வதற்கும் முறை இருக்கிறது. 'இல்லை' என்று முறைப்படி சொன்னால் எங்களுக்கு அடுத்த படி தெரியும்: வழியை மாற்றிக் கேட்கலாம், குறைவான நிலம் கேட்கலாம், உங்கள் குழுவில் முறையிடலாம். எதுவும் சொல்லாத கோப்போடு நாங்கள் என்ன செய்வது? அந்தச் சாலை எங்களுக்கு ஏன் அவசரம் என்பதையும் சொல்கிறோம். 2022 ஜனவரியில் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோது இந்த மலையும் மகிழ்ந்தது. ஆனால் வலி எடுத்த பெண்ணுக்கு அந்தக் கட்டடத்தின் தூரம் நாமக்கல்லிலிருந்து அளக்கப்படுவதில்லை. அவள் வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை உள்ள மண்பாதைதான் முதல் அளவு. எழுபது வளைவுகள் அதற்குப் பிறகு.

அடுத்தது சந்தை. சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் வாழைத்தாரும் அன்னாசியும் வரும். பருவத்தில் பலா மலைபோல் குவியும். விளைவித்தவர் தலைச்சுமையாகவோ வாடகை வண்டியிலோ கொண்டுவருகிறார். வாங்குகிறவர் கீழேயிருந்து லாரியோடு வருகிறார். கொண்டுவந்த சுமையைத் திருப்பித் தூக்கிப்போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பேரம் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது. இதை மாற்றப் பெரிய கட்டடம் தேவையில்லை. அன்றைய வெளிச்சந்தை விலையை எழுதிப்போடும் ஒரு பலகை, சட்டமுறை எடையளவு ஆய்வாளரின் முத்திரை பெற்ற ஒரு பொது எடைக்கருவி, விற்காத மிளகை நனையாமல் வைக்க ஓர் இடம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த பல கொல்லைகளில் இன்று சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளி நிற்கிறது. 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் பல ஆண்டுகள் தங்கி எங்கள் சாமை, தினை ரகங்களைக் காத்துவைக்கப் பாடுபட்டது. விதையைக் காப்பது ஒரு பாதி. அதை விளைவிப்பவருக்குச் சந்தையில் நியாயமான விலை கிடைத்தால்தான் அடுத்த ஆண்டும் அந்த விதை மண்ணில் விழும்.

சுற்றுலாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆகாயகங்கைக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் வருகிறவர்களால் எங்கள் பிள்ளைகள் சிலருக்குப் பிழைப்பு நடக்கிறது, அவர்கள் வரட்டும். அவர்கள் வீசிப்போகும் பாட்டிலை யார் பொறுக்குவது என்பதுதான் கேள்வி. ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடை. நீலகிரியில் 2022-இல் மதுப்பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. இவற்றில் எது கொல்லிமலைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று எங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிவுக்கான காரணத்தையும் சொல்லுங்கள்.

'மலைமக்கள் கூடி என்ன முடிவெடுத்துவிடப் போகிறார்கள்' என்று நினைப்பவர்களுக்கு நியாம்கிரியை நினைவூட்டுவோம். ஒடிசாவின் அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்று கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக எங்கள் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் மலைக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் இங்கே செல்லாது. எங்களுக்கு இருப்பது ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை மட்டும். தலைவர் இல்லாத நாளிலும் கிராம சபை இருக்கிறது. அதன் தீர்மானத்துக்குப் பதில் வரவில்லை என்றால் அதுவும் ஒரு கையெழுத்துச் சடங்காகிவிடும்.

பதில் தர வேண்டும் என்பது எங்கள் கற்பனை இல்லை. மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, ஏற்க முடியாவிட்டால் காரணத்தோடு பதில் என்று 2015-இல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை வெளியிட்ட 99-ஆம் எண் அரசாணை சொல்கிறது. முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அதன் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவும் கூறுகிறது.

உங்கள் அலுவலர்களின் சிரமம் எங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆள் குறைவு, ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன, மழைக்காலத்தில் மண் சரிந்தால் சாலையே மூடிப்போகும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய எந்த நிர்வாகத்தாலும் முடியாது. பதில் எழுதுவதற்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

எங்கள் வேண்டுகோள் நான்கு.

ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குறைதீர்க்கும் கூட்டம் மலைமேல், சந்தை நாளில் நடக்கட்டும். ஆட்சியர் மாதம் ஒரு நாள் ஒரு வட்டத்தில் தங்கிக் குறை கேட்கும் 'உங்களைத் தேடி உங்கள் ஊரில்' திட்டத்தை அரசே 2024 ஜனவரியில் தொடங்கியது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் வல்வில் ஓரி விழாவுக்காக எல்லாத் துறையும் மலைமேலுள்ள செம்மேட்டுக்கு வந்து அரங்கு அமைக்கிறது. விழாவுக்கு ஏறி வரும் வண்டிகளால் குறை கேட்கவும் ஏறி வர முடியும்.

இரண்டு: 14 நாடுகளின் கிராம சபைத் தீர்மானங்களுக்கும் ஒரு பதிவேடு. தீர்மானம், சென்ற துறை, பதில், தேதி ஆகியவற்றை அடுத்த கிராம சபையில் முதல் வேலையாக வாசிக்க வேண்டும்.

மூன்று: காட்டு நிலத்தால் நிற்கும் சாலை, குழாய், மின்கம்பி வேலைகளின் பட்டியலை 3(2) பிரிவின்படி ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று எழுதித் தர வேண்டும்.

நான்கு: சந்தைக்கு விலைப்பலகையும் முத்திரையிட்ட எடைக்கருவியும். நான்கில் செலவு மிகக் குறைந்தது இது, இதிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஓர் உறுதி. ஐம்பது பேர் ஐம்பது தாளாகக் கொடுப்பதை விட்டு, ஊர்வாரியாக, புல எண்ணோடு, அவசர வரிசைப்படி ஒரே பட்டியலாகத் தருவோம். விளக்கம் சொல்ல ஊருக்கு இருவர் வருவார்கள்; அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருப்பார். உங்கள் பதில் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், ஒரு வரி விடாமல் சந்தையில் ஒட்டுவோம். முதல் பட்டியலை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். அரசாணை சொல்லும் ஒரு மாதத்தை இந்த மடல் உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
சோளக்காடு மற்றும் சுற்றுவட்டார ஊர்ப் பொதுமக்கள்