சைக்கிள் விளக்கும் எதிர்வருவோர் கண்ணும்

இரவில் வழிச்செல்வோர்க்கு விளக்கு வேண்டும் என்பதை நிறுவ நூற்சான்று வேண்டுவதில்லை. ஆயின் எத்தகைய விளக்கு வேண்டும், அது எத்திசை நோக்க வேண்டும் என்னும் வினாக்களை நம்மனோர் எழுப்புவது அரிது. கடையிலுள்ள எல்.இ.டி. டார்ச் விளக்குகளுள் மிகப் பிரகாசமானதை வாங்கிச் சைக்கிளின் கைப்பிடியிற் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகின்றோம். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

தருமபுரி மாவட்டத்தை அறியாத அன்பர்க்கு ஒரு சொல். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கங்களில் பெருஞ்சாலையை விட்டு விலகினால், ஊருக்கும் ஊருக்கும் இடையே தெருவிளக்கில்லா வழிகள் பல. விடியுமுன் பாற்கேனைக் கட்டிக்கொண்டு சங்கத்துக்குச் செல்லும் உழவரும், அந்தி கழிந்து தனிப்பாடம் முடித்து மீளும் மாணவரும் அவ்வழிகளிற் சைக்கிளிலேயே செல்கின்றனர். ஊர்ப்புற மாணவர் ஓட்டும் வண்டிகளுட் பெரும்பாலானவற்றிற் கூடை உண்டு, மணி உண்டு, விளக்கு இல்லை. பாட்டனார் காலத்து டைனமோ, டயரை உரசிச் சுழன்று 6 வோல்ட், 3 வாட் அளவில் ஒரு மஞ்சள் ஒளியைத் தந்தது. மிதிப்பது கடினமாகும், வண்டி நின்றால் விளக்கும் அவியும். அதன் இடத்தை இன்று டார்ச் பிடித்துக்கொண்டது. பழைய டியூபைக் கீற்றாக அறுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுகக் கட்டுவதே எங்கள் பக்கத்து வழக்கம்.

சென்ற மார்கழி விடுமுறையில் ஓரிரவு யாம் அவ்வாறு கட்டிய விளக்குடன் வந்துகொண்டிருந்தோம். எதிரே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், எம்மை நெருங்கியதும் கையாற் கண்ணை மறைத்தார். மறுகணமே சாலையோரப் பள்ளத்தில் வண்டியுடன் சாய்ந்தார். வெறுங்கேன் உருண்டோடிய ஓசை இன்னும் காதில் நிற்கின்றது. முழங்கையிற் சிராய்ப்பு. தூக்கி நிறுத்தியபின் அவர் சினக்கவும் இல்லை. "கண்ணு, அந்த லைட்டைக் கொஞ்சம் கீழே புடிச்சிக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

டார்ச் விளக்கு கைக்காக அமைந்தது, சாலைக்காக அன்று. அதன் ஒளி வட்டமாய் எப்பக்கமும் ஒப்பப் பரவும். தரைக்கு வேண்டியது கீழ்ப்பாதி. மேற்பாதி எதிர்வருவோர் முகத்துக்கே செல்லும். இருளிற் பழகிய கண் மீண்டும் முழுமையாய் இருளுக்குப் பழக ஏறத்தாழ அரைமணி நேரமாகும். கூச்சத்தினின்றும் மீள முதியோர்க்கு இளைஞரினும் நேரம் மிகுதியாய் வேண்டும். செருமனி நாட்டில் சைக்கிள் விளக்கு எதிரிலுள்ளோர் கண்ணைக் கூசச் செய்யலாகாது என்பது சட்டம். அங்கு விற்கும் விளக்குகளில் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் அறுத்ததுபோல் நிற்கும். டைனமோவுக்கு மாற்றாக மின்கல விளக்கை 2013இல் அந்நாடு ஏற்றபோதும் இவ்விதி தளரவில்லை.

யானை நடமாடும் ஒகேனக்கற் காட்டு வழியிற் பேரொளி வேண்டாவோ என்று எம் நண்பர் ஒருவர் வாதிட்டார். வேண்டும்தான். அதற்குக் கையில் தனியே ஒரு டார்ச் இருக்கட்டும். கைப்பிடியிலுள்ளது தரையைப் பார்க்கட்டும். ஒரு மீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் நடுவொளி 8 மீட்டர் முன்னே விழுமாறு சாய்த்தால் போதும். மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லும் வண்டி நொடிக்கு 4 மீட்டரளவே கடக்குமாதலின், குழியைக் கண்டு விலக இரண்டு நொடி கிடைக்கும். பிஸ்கட் டப்பாவின் தகட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, உட்புறம் கரி பூசி, விளக்கின் நெற்றியிற் கூரைபோல் கட்டினோம். மேலே சிதறும் ஒளி பெரிதும் அடங்கிற்று. டியூபுக் கீற்று பள்ளத்திற் குலுங்கித் தலை நிமிர்த்திவிடுவதால், குழாய் பிடிக்கும் கிளாம்பே நன்று.

பின்புற விளக்கைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பின்னால் வரும் லாரிக்காரர் நம்மைக் காண்பது, நாம் குழியைக் காண்பதினும் முதன்மையன்றோ? பழைய டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிப் பார்த்தோம், ஒளி வாடிப்போயிற்று. காரணம் பின்னரே விளங்கிற்று. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சளாய் ஒளிரும் பூச்சு இட்டதே. அந்நீல ஒளியைக் கண்டதற்காக அகாசாக்கி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் 2014இல் நோபெல் பரிசு பெற்றனர். அவ்வெள்ளையிற் சிவப்பின் பங்கு மிகச் சிறிது; தாள் மற்ற நிறங்களை விழுங்கிவிட்டால் எஞ்சுவது என்ன? ஆதலின் சிவப்பு எல்.இ.டி.யையே வாங்குதல் வேண்டும். அதற்கு விலையும் சிறிதே.

விளக்கைத் திறந்து திருத்தும் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மலிவான சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றில் 4 வோல்ட் ஈய மின்கலம் இருக்கும். அது கெட்டதும் லித்தியம் மின்கலத்தை அங்கே பொருத்தி, பழைய செருகியிலேயே சார்ஜ் ஏற்றுகின்றனர். லித்தியம் 4.2 வோல்ட் எட்டியதும் நிறுத்தும் அமைப்பு அதில் இல்லை. அளவு மீறினால் தீப்பற்றும். மேலும் இத்தகைய பல விளக்குகளில் 230 வோல்ட்டைப் பிரித்து நிறுத்தும் மின்மாற்றி இராது. செருகியபடி உள்ளே தொடுவோர் மின்கம்பியையே தொட்டவராவர். உறையில் 9,000 மில்லியாம்பியர் மணி என்று அச்சிட்ட விரலளவு மின்கலத்தை நம்பவும் வேண்டா. நல்லதே 3,000 முதல் 3,500 வரைதான் தாங்கும்.

விடுமுறை முடியுமுன் அப்பெரியவரைத் தேடிச் சென்று, கேன் மாட்டும் கம்பியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிக் கொடுத்தோம். அணைத்தும் ஏற்றியும் பார்த்தவர், "பேட்டரி தீந்துபோனா யாரு கண்ணு மாத்துறது?" என்றார். அடுத்த விடுமுறைக்கு வருவோம் என்றோம். அதுவரை அது எரியாது என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.