மயக்கம் தெளிந்த பின்

முதியோருக்கு அறுவைச் சிகிச்சை என்றதும், மயக்க மருந்து நினைவைக் கெடுத்துவிடுமோ என்று நம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. அச்சம் ஆதாரமற்றதன்று. 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், பெரிய அறுவைச் சிகிச்சை பெற்ற, 60 வயது நிரம்பிய 1,218 பேரைச் சோதித்தனர். ஒரு வாரத்திற்குப் பின் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நினைவும் சிந்தனையும் குன்றியிருந்தன. மூன்று மாதங்களில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது.

ஆயினும் பழி முழுவதையும் மருந்தின்மேல் சுமத்துதல் பொருந்தாது. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து சிகிச்சை பெற்றோரிடமும், மூன்று மாதங்களுக்குப் பின் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அறுவையால் எழும் அழற்சி, வலி, உறக்கமின்மை, முன்பே இருந்த மறதி ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே, இன்றியமையாத சிகிச்சையை அச்சத்தால் தள்ளிப்போடலாகாது. மறதி உண்டெனில் அதனை மருத்துவரிடம் முன்னரே மறையாது கூறல் வேண்டும்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. தமிழன்றிப் பிறமொழி அறியாத தாயோ தந்தையோ கண் விழிக்கையில், சுற்றிலும் புரியாத பேச்சே ஒலித்தால் கலக்கம் மிகக்கூடும். மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் விரைவில் அணிவித்து, இன்ன நாள், இன்ன இடம் என்று தமிழில் எடுத்துச் சொல்ல, வீட்டார் ஒருவர் அருகிலிருக்க மருத்துவமனையின் இசைவை முன்கூட்டியே பெற்றுவைப்போமாக.